நாலாம் லைனில் சத்தமில்லை

“சார், ஒங்ககிட்ட கொஞ்சம் பேசணும்” என்று பூமாரி சொன்னதும் சீனிவாசன் ஒரு அடி பின்வாங்கினார்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் எந்த சூப்பர்வைசரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். பஸ் லேட் என்றால் பெண்கள் நேராகவே பஸ் லேட் என்பார்கள். தலைவலி என்றால் தலைவலி. சாம்பாரில் உப்பில்லை என்றால் அதையும் சொல்லிவிடுவார்கள். ஆனால் “கொஞ்சம் பேசணும்” என்று ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றால், ஹாஸ்டல் பக்கெட்டை அறைத்தோழிக்குக் கொடுத்தாகிவிட்டது, ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, வேலையை விட்டுப் போகப்போகிறாள் என்று அர்த்தம்.

“அப்புறம் பேசலாம்மா. லைன் ஓடுது பாரு” என்றார் சீனிவாசன்.

லைன் ஓடவில்லை. டீ இடைவேளை. இரண்டு பேருமே கையில் டம்ளரோடுதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

“இப்ப டீ டைம்தான சார்?”

“டீ டைம்ல டீதாம்மா குடிக்கணும்” என்று சொல்லிவிட்டு, பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் நடந்த வேகத்தை நடை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பாவம், அவர் பயத்துக்கும் காரணம் இருந்தது.

காருக்குள் ஓடுகிற வயர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து டேப் சுற்றிக் கொடுக்கிற கம்பெனி அது. அதில் நாலாம் லைன் சீனிவாசன் கையில். லைன் நெடுக நிற்கிற பெண்களில் பாதிப்பேர் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். சீனிவாசன் உள்ளூர், பிள்ளைப்பாக்கத்துக்காரர். நல்ல மனிதர். குரல்தான் கொஞ்சம் பெரிது. காலையில் அவர் உள்ளே நுழைந்து, “ஏம்மா கவியா! கண்ணு முழிச்சிக்கினு வந்தியா, இல்ல ஹாஸ்டல்லயே வெச்சிட்டு வந்துட்டியா?” என்று ஒரு சத்தம் போட்டால்தான் நாலாம் லைனுக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

குரலைவிடப் பெரிய வியாதி ஒன்று அவருக்கு உண்டு. யார் பேசினாலும் மீதியை இவரே முடித்துவிடுவார்.

“சார், எங்க அக்காவுக்கு...”

“கொழந்த பொறந்துகீதா? ஸ்வீட் எங்க?”

“கல்யாணம் சார்.”

“அப்ப கொழந்த அப்பறம். ரெண்டு நாள் லீவு, போயிட்டு வா.”

இன்னொரு நாள், “சார், மிஷின்ல...” என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

“டேப் மாட்டிக்கிச்சா? புடிச்சி இழு, வந்துடும்.”

“டேப் இல்ல சார். ஒங்க ஐடி கார்டு.”

இப்படியே ஓடிக்கொண்டிருந்தவரை எச்.ஆர். ஷெர்லின் ஒரு நாள் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“சார், ரெண்டு மாசத்துல ஒங்க லைன்ல மூணு பேர் வேலைய விட்டுட்டாங்க. மூணு பேரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே காரணம்தான் சொன்னாங்க. சார் நல்லவர், ஆனா சொல்ல வந்தத முடிக்க விடமாட்டார்னு.”

“மேடம், அதுல ஒருத்தி கல்யாணம் கட்டிக்கினு போனா. அத்த எப்டி என் கணக்குல சேப்பீங்க?”

“கல்யாணம்னு ஒங்ககிட்ட சொன்னாளா?”

“சொல்ல வந்தா. நானே புரிஞ்சிக்கினேன்.”

“அவ நர்சிங் படிக்கப் போயிருக்கா சார்.”

சீனிவாசன் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார்.

“இன்னொருத்தி போனா ஒங்கள ஸ்டோருக்கு மாத்திடணும்னு மேல பேசிக்கிறாங்க” என்றாள் ஷெர்லின். அவளுக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஸ்டோர் என்பது பின்பக்கம், சுற்றுச்சுவரை ஒட்டி இருக்கிற தகரக் கொட்டகை. இரும்பு ராக்குகளில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். நாள் முழுக்க இருந்தாலும் திட்டுவதற்கு ஒரு ஈ காக்கை கிடையாது.

அதற்குப் பிறகுதான் அவரை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹோட்டல் மாடியில் நடந்த பயிற்சிக்கு அனுப்பினார்கள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு, நல்ல தலைவன் வாயால் வேலை வாங்கமாட்டான், காதால் வாங்குவான் என்றார். வாயை மூடிக்கொள்ளுங்கள், தலையை ஆட்டுங்கள், அவர்கள் சொன்னதையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்லுங்கள், தானாக மனம் திறப்பார்கள் என்றார். சீனிவாசன் அதை டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைபோல வாங்கிக்கொண்டார். மதியச் சாப்பாடும் நன்றாக இருந்ததால் நம்பிக்கை கூடிவிட்டது.

முதல் பரிசோதனை வீட்டில் நடந்தது. அவர் மனைவி அலமு தண்ணீர் கேன்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டே சாதம் போட்டாள். வழக்கமாக இரண்டாவது வார்த்தையிலேயே குறுக்கே விழுகிற மனிதர், அன்றைக்கு அசையாமல் கேட்டார். தலையை ஆட்டினார். அவள் முடித்ததும், “தண்ணி கேன்காரன் இன்னிக்கும் வரல. அதனால ஒனக்குக் கோவம்” என்றார்.

அலமு கரண்டியைக் கீழே வைத்தாள். “அத்ததானய்யா நான் இப்ப சொன்னேன்? கிண்டலா?”

“நான் கிண்டல் பண்றேன்னு ஒனக்குத் தோணுது.”

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே போய்க் காஞ்சிபுரத்திலிருக்கும் தன் தம்பிக்கு போன் போட்டாள். “வாயே தொறக்க மாட்டேங்கறாருடா. தல மட்டும் தனியா ஆடிக்கினு கீது.” மறுநாள் காலையில் தம்பி ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கிவிட்டான்.

கம்பெனியில் பயிற்சி நன்றாகவே பலித்தது என்று சீனிவாசன் நினைத்தார். காலையில் சத்தம் போடாமல் வந்தார். கவியா சிவப்பு வயரை நீல வயரின் இடத்தில் செருகியிருந்தாள். முன்பென்றால் கூரை பறந்திருக்கும். இப்போது அவர் அருகில் போய் நின்று, பார்த்து, மெதுவாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். கவியா பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். ஆனந்தக் கண்ணீராக இருக்கும் என்று வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க நாலாம் லைனில் டேப் சுற்றுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஷெர்லினே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பூமாரி வந்து, கொஞ்சம் பேசணும் என்றாள்.

பூமாரி போனால் நாலாவது ஆள். ஸ்டோர். தகரக் கொட்டகை.

கேட்டால்தானே போவாள், கேட்காவிட்டால்? அவள் வாயைத் திறப்பதற்குள் குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் போகவேண்டிய அவசியமே இருக்காதே! சீனிவாசனுக்கு இது அருமையான யோசனையாகப் பட்டது. அவளுக்கு என்ன குறை என்று லைன் கோடியில் தன் மேஜையில் உட்கார்ந்து யோசித்தார். அப்போது அவர் முகத்தில் குளிர்ச்சியாகக் காற்று அடித்தது. பதில் கிடைத்துவிட்டது.

அது அவருடைய மேஜை ஃபேன். சொந்தக் காசில் வாங்கியது. யாரும் தொடக்கூடாது என்று அதற்குத் தனிச் சட்டமே உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு போய் பூமாரி நிற்கிற பலகைக்கு எதிரே வைத்தார்.

பூமாரி திடுக்கிட்டுப் பார்த்தாள். “இது ஒங்க ஃபேனாச்சே சார். ஒங்களுக்கு?”

“எனக்கு இனிமே எதுக்கும்மா? நீ நல்லா இருந்தா போதும்.”

“சார், நான் சொல்ல வந்தது...”

“காத்து வருதா? வருதில்ல? அப்ப வேலயப் பாரு” என்று சொல்லி, ஃபேனை முழு வேகத்தில் திருகிவிட்டு ஓடிவிட்டார்.

காற்று வந்தது. பூமாரிக்கு மட்டும் வரவில்லை. அடுத்த பலகையில் சோதனை முடித்து ஒட்டுவதற்காகப் பிரித்து வைத்திருந்த ஸ்டிக்கர்களுக்கும் வந்தது. பச்சையும் மஞ்சளுமாக அவை லைன் முழுக்கப் பறந்து, கண்ட இடத்தில் உட்கார்ந்தன. பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் ‘ரீவொர்க்’, திரும்பப் பிரித்துச் செய்யவேண்டியது. எது எதில் ஒட்டியது என்று யாருக்கும் தெரியாததால் மதியம்வரை கட்டிய அத்தனை கொத்தையும் மறுபடி சோதிக்கவேண்டியதாயிற்று.

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மெயின்டனன்ஸ் இசக்கிதுரை அவர் பின்னால் வந்து முதுகிலிருந்து எதையோ உரித்து எடுத்தான்.

“அண்ணாச்சி, முதுகுல ‘ரீவொர்க்’னு ஒட்டிக்கிட்டு அலையுதிய.”

“எவ்ளோ நாழியா?”

“காலைலேருந்தே இருக்கும்போல. எட்டாம் லைன்காரன் பூரா பாத்துச் சிரிச்சிட்டான்.”

“எங்க லைன்ல யாருமே சிரிக்கலியேடா.”

“அதான் எனக்கும் வெளங்கல அண்ணாச்சி. ஒங்க லைன் புள்ளையள்லாம் எழவு வீட்டுல நிக்க மாதிரில்லா நிக்குதுவ.”

ஆக, ஃபேன் இல்லை காரணம். சோறு! சொந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கித்தான் பெண்கள் ஓடிப்போகிறார்கள் என்று அவருக்குத் திடீரென்று ஞானோதயம் ஆயிற்று. நேராக கேன்டீன் கனகத்திடம் போனார்.

“கனகம், நாலாம் லைனுக்கு நாளைக்கி மட்டும் சொதி பண்ணிக் குடு.”

“சொதியா? அது இன்னா சார்?”

“அவங்க பக்கத்துக் கொழம்பு. தேங்காப்பால்ல செய்வாங்களாம். கல்யாணம் முடிஞ்சி மறுநாள் மாப்ள வூட்டுக்குப் போடுவாங்களாம்.”

“தேங்காப்பாலா?” கனகம் யோசித்தாள். “அப்ப வெல்லம் போடணுமே.”

“எது போடணுமோ போடு. மனசாரப் போடு.”

அவளும் மனசாரப் போட்டாள். வெல்லம் போட்டாள், உருளைக்கிழங்கு போட்டாள், கலர் வரவில்லையே என்று சாம்பார்ப் பொடியும் போட்டாள். மறுநாள் நாலாம் லைன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் அதை முழுக்கச் சாப்பிட்டார்கள். சீனிவாசன் தானே வாளியை எடுத்துக்கொண்டுபோய் இரண்டாம் முறை ஊற்றினார்.

“நல்லா கீதாம்மா?”

“நல்லாருக்கு சார்” என்றாள் பூமாரி. அவள் கண் நிறைந்துவிட்டது. “இப்ப எதுக்கு சார் இதெல்லாம்?”

“ஒங்களுக்கு ஒரு நாளாவது நல்ல சாப்பாடு போடணும்னு தோணுச்சி.”

எதிரே இருந்த கவியா தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

அடடா, ஊர் ஞாபகத்தைக் கிளறிவிட்டோமே என்று சீனிவாசன் தலையில் அடித்துக்கொண்டார். இனி நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாளே! ஆனால் அதைப் பற்றி முழுதாகக் கவலைப்பட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வெல்லமும் சாம்பார்ப் பொடியும் மூன்று மணிவாக்கில் தம் வேலையைக் காட்டின. பாத்ரூம் வாசலில் நாலாம் லைன் நின்றது. நாலாம் லைனில் யாரும் நிற்கவில்லை.

மூன்றாவதாக அவருக்குத் தோன்றியது பஸ். ஹாஸ்டல் பெண்களைக் கம்பெனி பஸ் மெயின் ரோட்டு முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து சந்துக்குள் நடந்து போகவேண்டும். வாசலிலேயே இறக்கிவிட்டால் பூமாரிக்கு எவ்வளவு நிம்மதி! டிரைவர் மாரிராஜ் தலையைச் சொறிந்தான்.

“சந்துல வண்டி போகுமா சார்?”

“போவும், போவும். எங்க ஊர்ப் பக்கம், எனக்குத் தெரியாதா?”

சந்தில் வண்டி போகும் என்பது உண்மைதான். ஆனால் சந்து முனையில் புதிதாக மனை விற்கிறவர்கள் வண்ண வண்ணமாக ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். பஸ் அதன் கீழே பாதி போய், உச்சி மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அந்த பஸ்தான் திரும்பிவந்து அடுத்த ஷிஃப்ட் ஆட்களை ஏற்றவேண்டும். ‘உங்கள் கனவு இல்லம் இங்கே’ என்று எழுதியிருந்த வளைவைக் கழற்றி எடுக்கிறவரையில் பெண்கள் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சீனிவாசன் பைக்கில் பறந்துவந்து மனைக்காரர்களின் வசவை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர்கள் சொன்னதை ஒருமுறை திருப்பியும் சொன்னார். அடி விழாதது அவர் நல்ல நேரம்.

வெள்ளிக்கிழமை கண்ணாடி அறையில் ஷெர்லின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சார், நாங்க ஒங்களக் கேக்கத்தான சொன்னோம்?”

“கேட்டுக்கினுதான் கீறேன் மேடம்.”

“பூமாரி என்ன சொன்னா?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“ஏன்?”

“நான் வுடல மேடம். சொன்னா போயிடுவா.”

ஷெர்லின் மேஜையிலிருந்த காலண்டரைத் தன் பக்கம் இழுத்தாள். “திங்கக்கிழமை மேல மீட்டிங் இருக்கு சார். அந்தப் பொண்ணு இருக்காளா, போறாளான்னு அதுக்குள்ள எனக்குத் தெரியணும். போறான்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். பயிற்சிக்காக இல்லை, நிஜமாகவே பேச்சு வரவில்லை. அலமு முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். தம்பி கொண்டுவந்த இளநீரெல்லாம் தீர்ந்தும் வியாதி தீராததால் அவளே விசாரணையில் இறங்கினாள். ஒன்று விடாமல் வெளியே வந்தது.

“ஃபேனு குடுத்த, கொழம்பு குடுத்த, பஸ்ஸ சந்துக்குள்ள வுட்ட” என்றாள் அலமு, கீரையை உருவிக்கொண்டே. “அந்தப் பொண்ணு இன்னா கேட்டுது?”

“கொஞ்சம் பேசணும்னுது.”

“அத்தக் குடுத்தியா?”

“குடுத்தா, போறேன்னு சொல்லிடுவா அலமு.”

“சொல்லட்டும். ஒரு வாரமா அத்த மென்னுக்கினு, முழுங்க முடியாம சுத்திக்கினு கீது அந்தப் பொண்ணு. போறவ சொல்லிட்டாவது போவட்டுமேய்யா. அதக்கூடக் காதுல வாங்காம அனுப்பினா அது பாவம்.”

சீனிவாசன் தலையை ஆட்டவில்லை. திருப்பியும் சொல்லவில்லை. முறத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்து அவரும் கீரை உருவ ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மதியத்தோடு ஷிஃப்ட் முடிந்தது. கேட்டுக்கு எதிரே பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. சீனிவாசன் பூமாரியைக் கூப்பிட்டார்.

“வாம்மா. பேசலாம்.”

பூமாரி சட்டென்று திரும்பி, பஸ் பக்கம் போய்க்கொண்டிருந்த தோழிகளைப் பார்த்தாள். கவியா போ, போ என்று கையைக் காட்டினாள். சொல்லிவிட்டுப் போகத் தைரியம் கொடுக்கிறார்கள் என்று நினைத்து சீனிவாசன் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டார்.

டீக்கடையில் இரண்டு ஸ்டூலைப் போட்டு, இரண்டு டீ சொல்லிவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டார். இந்தத் தடவை குறுக்கே பேசப்போவதில்லை. தலையை ஆட்டினார்.

பூமாரியும் தலையை ஆட்டினாள்.

அவர் இன்னும் கொஞ்சம் பரிவாக ஆட்டினார். அவளும் அதே பரிவோடு ஆட்டினாள். டீயில் ஏடு படிந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா சார், டீ சரியில்லியா?” என்றார். இரண்டு பேரும் ஒன்றாகத் தலையை ஆட்டினார்கள். நல்லது என்கிறார்களா, கெட்டது என்கிறார்களா என்று தெரியாமல் அவர் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுவிட்டுப் போனார்.

“சொல்லும்மா” என்றார் சீனிவாசன், தாங்கமுடியாமல்.

“நீங்க சொல்லுங்க சார்.”

“நீதானம்மா பேசணும்னு சொன்ன?”

“ஆமா சார். நீங்க பேசுங்க, நான் கேக்கேன்.”

அவ்வளவுதான். இரண்டு வாரமாக அடைத்து வைத்திருந்த மதகு திறந்துகொண்டது.

“நான் இன்னாம்மா பேசறது? நீ போயிட்டா என்னை ஸ்டோர்ல தூக்கிப் போட்டுடுவாங்க. அதுக்காகத்தான் நீ வந்தப்பல்லாம் ஓடினேன். அதுதான் உண்மை. அந்த ஸ்டோர்ல மனுசங்களே இல்லம்மா. பொட்டிங்க கிட்டப் போயி இன்னான்னு கத்தறது? காலைல வந்து உங்கள எல்லாம் ஒரு சத்தம் போட்டாத்தான் எனக்கு டீயே உள்ள எறங்கும். வூட்ல நானும் அலமுவும்தான். புள்ளக்குட்டி கெடையாது. ரெண்டே பேரு எவ்ளோ நாழிதான் மாத்தி மாத்தித் திட்டிக்கறது, சொல்லு?”

பூமாரி சிரிக்கவில்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த நர்சிங் படிக்கப் போச்சே ஒரு பொண்ணு... சொல்லத்தான் வந்துது என்கிட்ட. நான் வுடல. கல்யாணம்னு நானே முடிவு பண்ணி, மாப்ளய கேட்டதா சொல்லுன்னு அனுப்பி வெச்சிட்டேன். அது மூஞ்சி எப்டிப் போச்சின்னு இப்பதாம்மா ஞாபகம் வருது. படிக்கப் போறேன்னு சொல்லியிருந்தா நானே பஸ் ஏத்தி வுட்டிருப்பேன். எனக்கு அந்த சந்தோசம்கூட இல்லாம போச்சி.” அவர் மூக்கை உறிஞ்சினார். “அதனால, நீ போறதுன்னா போம்மா. ஸ்டோரப் பத்தி நீ நெனைக்காத. ஆனா சொல்லிட்டுப் போ. நான் நடுவுல பேசமாட்டேன்.”

பூமாரி மடியிலிருந்த டம்ளரை ஒரு சுற்று திருப்பினாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

“அப்ப, எங்க லைன விட்டுப் போறதுல ஒங்களுக்கு இஷ்டமே இல்ல. அப்படித்தான சார்?”

“கொஞ்சம்கூட இல்லம்மா.”

“ஸ்டோருக்குன்னு இல்ல. வேற எங்கயுமே?”

“எங்கம்மா போவேன்? எனக்கு வேற எடம் ஏது?”

பூமாரி துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தவள், ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள்.

“சரி சார். திங்கக்கிழமை வாரேன்.”

“வரியா?” சீனிவாசன் ஸ்டூலோடு எழுந்தார். “அப்ப நீ போவலியா?”

“நான் எங்க சார் போறேன்? நான் போறேன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நானே... புரிஞ்சிக்கினேன்.” அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. “அப்ப ஒரு வாரமா இன்னாதாம்மா பேசணும் பேசணும்னு என் பின்னால சுத்திக்கினு கெடந்த?”

“பேசியாச்சு சார்.”

“எங்க பேசின? நான்தானம்மா பேசினேன்?”

“ஆமா சார்” என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸை நோக்கி ஓடினாள்.

சீனிவாசன் கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். மற்ற பஸ்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தன. இந்த ஒன்று மட்டும் நின்றது. மாரிராஜ் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தான். ஜன்னலுக்கு ஜன்னல் நாலாம் லைன் பெண்களின் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாருக்கும் முன்னால் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, அந்தச் சாலையே திரும்பிப் பார்க்கும்படி கவியா கத்தினாள்:

“ஏட்டி பூமாரி! சார் வேலைய விட்டுப் போவலைன்னு சொல்லிட்டாவளா, இல்ல நாங்க எல்லாரும் எறங்கி வந்து அழணுமா?”